தனிக்கட்டிலில் தொடங்கிய தலைமை: தீயணைப்பு அதிகாரி வெஸ்லி வில்லியம்ஸ்

ஏப்ரல் 14 அன்று காலையில் நம் தெருக்களில் அண்ணல் அம்பேத்கர் படத்துக்கு மாலை போடுவோம். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்போம். அதே நாளில் நாடு முழுவதும் தீயணைப்பு நிலையங்களிலும் நினைவு அஞ்சலி நடக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகின் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்து வெடித்தது. பருத்திப் பொதியையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். தீயை அணைக்கப் போன வீரர்களில் 66 பேர் திரும்பி வரவில்லை. அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது.

அம்பேத்கர் பிறந்த நாளும் தீயணைப்பு வீரர்களின் நினைவு நாளும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் இரண்டையும் சேர்த்து நினைக்க வைக்கும் ஒரு வாழ்க்கை உண்டு. அந்த மனிதர் நம் நாட்டுக்காரர் அல்ல. அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் பிறந்த கறுப்பினத்தவர். பெயர் வெஸ்லி வில்லியம்ஸ். சாதாரண தீயணைப்பு வீரராகச் சேர்ந்து, படிப்படியாகப் பதவி உயர்ந்து, பல நிலையங்களை நடத்தும் தலைமை அதிகாரியாக ஓய்வு பெற்றவர். அவர் கதையை நம் டெல்டாப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இந்த வாரம் எழுதுகிறோம்.

நெருப்பும் நம் மண்ணும்

தஞ்சை மண்ணில் நெருப்பைப் பற்றிப் பேசினால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கீழ்வெண்மணிதான். 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் அடைபட்டு 44 பேர் எரிந்துபோனார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதில் அதிகம். கூலி நெல் கூடக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கொட்டகை எரிந்து 94 குழந்தைகள் இறந்ததையும் இந்த மாவட்டம் மறக்கவில்லை.

இவை ஊர் உலகம் அறிந்தவை. செய்தியில் நாலு வரியாக வந்துபோகும் தீ விபத்துகள் வேறு. சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போர் போட்ட பிறகு, வெயில் ஏறத் தொடங்கும் மாதங்களில், நெருக்கமாகக் கட்டிய கீற்று வீடுகளில் ஒன்று பிடித்தால் வரிசையாகப் பிடிக்கும். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் சாம்பலாகும். வயல் நடுவே ஒதுங்கிக் கிடக்கும் தெருவுக்கு வண்டி வரும் பாதையே சில இடங்களில் இருக்காது. வாய்க்கால் மதகில் வண்டி திரும்ப முடியாமல் நிற்கும்.

நெருப்பால் அதிகம் இழந்தவர்கள் நாம். அந்த நெருப்பை அணைக்கிற துறையில் அதிகாரத்தில் உட்கார வேண்டிய நியாயமும் நமக்கு அதிகம். வெஸ்லி வில்லியம்ஸின் கதை இந்த இடத்தில்தான் நமக்குத் தேவைப்படுகிறது.

சிவப்புத் தொப்பிக்காரரின் மகன்

வெஸ்லி பிறந்தது 1897-ல். அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது 32 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவர் பிறப்பதற்கு முந்தின ஆண்டு, 1896-ல், கறுப்பர்களுக்குத் தனி ரயில் பெட்டி ஒதுக்குவது குற்றமில்லை என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருந்தது. தனித்தனியாக வைத்தாலும் சமமாக வைத்தால் போதும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நம் ஊரில் தனிக் குவளை வைத்துவிட்டு, டீ ஒன்றுதானே என்று சொல்வார்கள் அல்லவா, அதே வாதம்.

தென் மாநிலங்களில் இந்தப் பிரிவினை சட்டமாக இருந்தது. நியூயார்க் வட மாநிலம். அங்கே அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் வழக்கம் இருந்தது. சட்டத்தில் இல்லாதது வழக்கத்தில் இருப்பது எப்படி என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வெஸ்லியின் தாத்தா அடிமையாக இருந்தவர். தந்தை ஜேம்ஸ் வில்லியம்ஸ், நியூயார்க்கின் பெரிய ரயில் நிலையமான கிராண்ட் சென்ட்ரலில் சுமைதூக்கும் போர்ட்டராகச் சேர்ந்தார். தஞ்சாவூர் ஜங்ஷனில் போர்ட்டர்களுக்குச் சிவப்புச் சட்டை என்றால், அங்கே அவர்களுக்குச் சிவப்புத் தொப்பி. 1909-ல் ஜேம்ஸ் அந்தப் போர்ட்டர்கள் எல்லோருக்கும் தலைவரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். கல்லூரியில் படிக்கும் கறுப்பின மாணவர்கள் பலருக்கு அவர் அங்கே வேலை கொடுத்தார். மூட்டை தூக்கிச் சம்பாதித்த காசில் படித்து முன்னேறியவர்கள் ஏராளம்.

அப்படி அவரிடம் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களில் ஒருவர் சாமுவேல் பேட்டில். 1911-ல் இவர் நியூயார்க் காவல் துறையில் சேர்ந்தார். காவல் நிலையத்தில் உடன் இருந்த வெள்ளைக்காரர்கள் இவரோடு பேசவில்லை. படுக்கும் அறையில் இடம் கொடுக்கவில்லை. கொடி மடித்து வைக்கும் மாடியில் தனியாகக் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். பேட்டில் அந்தத் தனிமையில் பதவி உயர்வுத் தேர்வுக்குப் படித்தார். பின்னாளில் சார்ஜென்ட் ஆனார், லெப்டினன்ட் ஆனார். வளரும் வயதில் வெஸ்லி இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

நூற்றுக்கு நூறு

வெஸ்லி வாட்டசாட்டமான உடல்வாகு உடையவர். உடற்பயிற்சிக் கூடத்துக்குத் தவறாமல் போனவர், குத்துச்சண்டை பழகியவர். தபால் துறையில் மோட்டார் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். இளம் வயதிலேயே மணமாகிப் பிள்ளைகளும் இருந்தார்கள். நிரந்தரமான அரசு வேலை வேண்டும் என்று தீயணைப்புத் துறைத் தேர்வு எழுதினார்.

அந்தத் தேர்வு நம் ஊர் சீருடைப் பணித் தேர்வைப் போலத்தான். எழுத்துத் தேர்வு ஒன்று, உடல்தகுதித் தேர்வு ஒன்று. உடல்தகுதியில் வெஸ்லி நூற்றுக்கு நூறு எடுத்தார். மொத்தப் பட்டியலில் 13-வது இடம். இந்த மதிப்பெண்ணை வைத்து அவரை ஒதுக்க முடியாது. ஆனாலும் மதிப்பெண் மட்டும் போதாது என்பது தந்தைக்குத் தெரியும். ரயில் நிலையத்தில் பல ஆண்டு பழகிய செல்வாக்கான மனிதர்களிடம் மகனுக்காகச் சிபாரிசுக் கடிதங்கள் வாங்கினார். மற்றவர்களுக்கு மார்க்கே சிபாரிசு. கறுப்பினப் பையனுக்கு மார்க்குக்கும் ஒரு சிபாரிசு தேவைப்பட்டது.

அதற்கு முன் நியூயார்க் தீயணைப்புத் துறையில் கறுப்பினத்தவர் இருவர்தான் சேர்ந்திருந்தார்கள். 1898-ல் சேர்ந்த வில்லியம் நிக்கல்சனைத் தீயணைக்கவே விடவில்லை. வண்டி இழுக்கும் குதிரைகளைப் பராமரிக்கும் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை கொடுத்தோம் என்று கணக்கும் காட்டலாம், கூட உட்கார வைக்கவும் வேண்டாம். அரசு வேலை கிடைத்த பிறகும் பெருக்கவும் எடுபிடிக்கும் அனுப்பப்பட்ட நம்மவர் கதைகளை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டாமவர் ஜான் வுட்சன் 1914-ல் சேர்ந்தார். மூன்றாமவர் வெஸ்லி.

புரூம் தெரு, 1919

1919 ஜனவரி 10 அன்று வெஸ்லி வேலையில் சேர்ந்தார். வயது 21. மன்ஹாட்டன் பகுதியில் புரூம் தெருவில் இருந்த 55-ஆம் எண் நிலையம். சுற்றிலும் இத்தாலியக் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது.

அவர் வந்த அன்றே நிலையத்தின் கேப்டன் ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கறுப்பர் இருக்கும் நிலையத்துக்குத் தலைவராக இருப்பது அவருக்கு அவமானமாகப் பட்டது. மற்ற வீரர்கள் எல்லோரும் இடமாற்றம் கேட்டு மனுக் கொடுத்தார்கள். துறைத் தலைமை ஒரு வருடத்துக்கு யாருக்கும் மாறுதல் இல்லை என்று நிறுத்திவைத்தது. நல்லெண்ணம் இருந்ததோ இல்லையோ, அந்த ஒரு உத்தரவு இல்லாவிட்டால் வெஸ்லி ஆளில்லாத நிலையத்தில் நின்றிருப்பார்.

தீயணைப்பு நிலையம் மற்ற அலுவலகம் மாதிரி இல்லை. காலையில் வந்து மாலையில் போகும் வேலை அது இல்லை. அங்கேயே சமைப்பது, அங்கேயே சாப்பிடுவது, அங்கேயே தூங்குவது. மணி அடித்தால் எந்த நேரமும் ஓட வேண்டும். ஒரே கூரையின் கீழ் குடும்பம் மாதிரி இருந்தாக வேண்டிய இடம். அந்த இடத்தில்தான் ஒதுக்கி வைக்கும் வேலையும் நடந்தது. வெஸ்லியோடு யாரும் பேசவில்லை. உடன் உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவருக்கென்று ஒரு கட்டில், கழிப்பறைப் பக்கம். அந்தக் கட்டிலில் வேறு யாரும் படுக்க மாட்டார்கள், வேறு கட்டிலில் அவர் படுக்கக் கூடாது.

இதே மாதங்களில் நம் நாட்டில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரத்தில்தான், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். வெஸ்லி அப்போது அதே நகரத்தில் பதின்பருவப் பையன். ஊர் திரும்பிய அம்பேத்கர், 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். ஆசிரியர் அறையில் இருந்த தண்ணீர்ப் பானையில் அவர் தண்ணீர் எடுத்துக் குடிக்கக் கூடாது என்று உடன் வேலை பார்த்த பேராசிரியர்கள் சிலர் ஆட்சேபம் செய்தார்கள். பம்பாயில் பானை, புரூம் தெருவில் கட்டில். இரண்டுக்கும் நடுவே சில வாரங்கள்தான் இடைவெளி. இருவருமே தகுதியில் குறைந்தவர்கள் அல்ல. தகுதி வந்தால் தீண்டாமை தானாகப் போய்விடும் என்று நம்மிடம் சொல்கிறவர்களுக்கு இந்த இரண்டு சம்பவங்களும் பதில்.

ஒதுக்கியவர்கள் பிடித்த அதே குழாய்

பேசாதவர்களோடு தீயணைக்கப் போவது எத்தனை ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். அழுத்தத்தில் தண்ணீர் பாயும் குழாயை ஒரு ஆள் தனியாகப் பிடிக்க முடியாது. முனையைப் பிடிப்பவருக்குப் பின்னால் தோள் கொடுக்க ஆள் வேண்டும். புகையில் கண் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் கூப்பிடும் குரல்தான் வழி. கூட வந்தவர் கைவிட்டால் உயிர் போகும். வெஸ்லி அப்படிப்பட்ட வேலையில் பின்வாங்காமல் நின்றார்.

அப்போதைய தீயணைப்பு நிலையங்களில் சண்டை வந்தால், கீழே நிலவறைக்குப் போய் இருவர் மட்டும் கைகலந்து தீர்த்துக்கொள்ளும் பழக்கம் இருந்தது. வெஸ்லியைப் பலமுறை வம்புக்கு இழுத்தார்கள். அவர் நிலவறைக்கு இறங்கினார். குத்துச்சண்டை பழகிய கை அங்கே உதவியது. கொஞ்ச காலத்தில் அவரை நேருக்கு நேர் சீண்டுவது குறைந்தது.

ஆனால் நாம் இந்தக் கதையை அடிதடிக் கதையாகச் சொல்ல விரும்பவில்லை. கைபலம் அவரை நிலையத்தில் நீடிக்க வைத்தது, அவ்வளவுதான். மேலே ஏற்றியது வேறு. யாரும் பேசாத நேரத்தை அவர் படிப்புக்கு வைத்துக்கொண்டார். சாமுவேல் பேட்டில் கொடி மாடியில் செய்ததையே இவர் தனிக்கட்டிலில் செய்தார். கட்டடம் எப்படிக் கட்டப்படுகிறது, எந்தக் கூரை எப்போது விழும், தண்ணீர் அழுத்தம், ரசாயனம், சட்ட விதிகள் என்று ஒரு தீயணைப்பு அதிகாரி தெரிந்துகொள்ள வேண்டியவை ஏராளம். தொழிலும் அந்தக் காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. குதிரை பூட்டிய வண்டிகள் போய் மோட்டார் வண்டிகள் வந்தன. நியூயார்க்கில் 1922-ல் கடைசிக் குதிரையும் ஓய்வு பெற்றது. மோட்டார் வண்டி ஓட்டத் தெரிந்த வெஸ்லிக்கு அந்த மாற்றம் சாதகமாகவே இருந்தது.

ஏணியின் படிகள்

நியூயார்க் தீயணைப்புத் துறையில் ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் போட்டித் தேர்வு உண்டு. வீரர், லெப்டினன்ட், கேப்டன், அதற்கு மேல் பட்டாலியன் சீஃப். லெப்டினன்டும் கேப்டனும் ஒரு நிலையத்தை நடத்துபவர்கள். பட்டாலியன் சீஃப் என்பவர் ஒரு வட்டாரத்தில் உள்ள பல நிலையங்களுக்குத் தலைமை அதிகாரி. பெரிய தீ என்றால் களத்தில் நின்று கட்டளையிடுபவர் அவர். யார் உள்ளே போக வேண்டும், எந்த நிமிடம் வெளியே வர வேண்டும் என்று அவர் சொல்வதில்தான் வீரர்களின் உயிர் இருக்கிறது.

1927-ல் வெஸ்லி லெப்டினன்ட் ஆனார். நியூயார்க் தீயணைப்புத் துறையில் அதிகாரியான முதல் கறுப்பினத்தவர் அவர். நம் நாட்டில் அதே ஆண்டு மார்ச் 20 அன்றுதான் அம்பேத்கர் மகாட் குளத்தில் இறங்கித் தண்ணீர் எடுத்தார்.

கறுப்பர் கூட வேலை பார்ப்பதையே பொறுக்காதவர்களுக்கு, கறுப்பர் சொல்லி வேலை செய்வது இன்னும் கசந்தது. முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் சீருடைத் துறையில் தோள்பட்டைச் சின்னத்துக்கு மரியாதை கொடுத்தே ஆக வேண்டும். தேர்வில் ஜெயித்து வந்த பதவி என்பதால் யாரும் அதை அசைக்க முடியவில்லை. 1934-ல் கேப்டன். 1938-ல் பட்டாலியன் சீஃப். பக்கத்துக் கட்டிலில் படுக்க மறுத்தவர்களின் உயிர், இப்போது அவர் கட்டளையில் இருந்தது. எரியும் கட்டடத்துக்குள் இருந்து அவர்களைப் பத்திரமாக வெளியே எடுப்பதுதான் இனி அவருடைய பொறுப்பு.

இருபது ஆண்டுகளுக்குள் ஏறிய ஏணி இது. வேலைக்குச் சேர்ந்ததோடு நின்றிருந்தால் அவர் கதை மூன்றாவது கறுப்பின வீரர் என்ற ஒரு வரியோடு முடிந்திருக்கும்.

தனி ஆளாக ஏறியவர் சங்கம் கட்டினார்

நமக்கு மிக முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு அவர் செய்தது. பெரிய பதவிக்கு வந்ததும் தெருவை மறந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். வெஸ்லி அப்படி இருக்கவில்லை. அவருக்குப் பின்னால் கறுப்பின இளைஞர்கள் தீயணைப்புத் துறைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கும் அதே தனிக்கட்டில், அதே மௌனம் காத்திருந்தது. ஆளுக்கு ஒரு நிலையமாகப் பிரிந்துகிடந்ததால் ஒருவர் படும்பாடு இன்னொருவருக்குத் தெரியவில்லை.

1940-ல் வெஸ்லி முன்னின்று கறுப்பினத் தீயணைப்பு வீரர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். பெயர் வல்கன் சங்கம். வல்கன் என்பது பழைய ரோமானியர்களின் நெருப்புத் தெய்வம். சங்கம் கையில் எடுத்த முக்கியப் பிரச்சினைகளில் ஒன்று தனிக்கட்டில். அந்தக் கட்டில்களுக்கு அங்கே ஒரு பெயரே உண்டு, ஜிம் குரோ கட்டில் என்பார்கள். ஜிம் குரோ என்பது கறுப்பர்களை ஒதுக்கி வைக்கும் முறைக்கு அமெரிக்காவில் வழங்கிய பெயர்.

சங்கம் புகார்களைத் திரட்டி, நகர மன்றம் வரைக்கும் கொண்டுபோனது. 1940-களின் நடுவில் அந்த விவகாரம் வெளிப்படையாக விசாரணைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்த காலம் அது. இனவெறி பிடித்த ஹிட்லரை எதிர்த்துப் போரிடும் நாட்டில், தீயணைப்பு நிலையத்தில் இனம் பார்த்துக் கட்டில் போடுவதா என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. தனிக்கட்டில் முறை முடிவுக்கு வந்தது.

வெஸ்லி சேர்ந்தது 1919-ல். கட்டில் ஒழிந்தது 1940-களில். இடையில் கால் நூற்றாண்டு. தனி ஆளாக அவர் லெப்டினன்ட் ஆன பிறகும், கேப்டன் ஆன பிறகும், பட்டாலியன் சீஃப் ஆன பிறகும் மற்றவர்களுக்கான அந்தக் கட்டில் அப்படியே கிடந்தது. ஒருவர் ஏறியதால் போகவில்லை. சங்கமாகச் சேர்ந்து கேட்டபோதுதான் போனது. நம் தஞ்சை வட்டாரத்தில் சாணிப்பாலும் சவுக்கடியும் நின்றது எப்படி? நல்ல மனம் படைத்த பண்ணையார்கள் யாரோ நிறுத்தியதாலா? விவசாயத் தொழிலாளர்கள் 1940-களில் சங்கமாகத் திரண்டதால்தானே நின்றது.

அவருக்குப் பிறகு

1952-ல் வெஸ்லி ஓய்வு பெற்றார். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இங்கே வந்ததும் அந்த ஆண்டுதான். முப்பத்து மூன்று ஆண்டுப் பணி. 1984-ல், 86-ஆம் வயதில் காலமானார். அவருடைய கடிதங்களும் ஆவணங்களும் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், கறுப்பின வரலாற்றுக்கென்று உள்ள ஷோம்பர்க் ஆய்வு நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. காகிதங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் இந்த வரலாறு இன்று நம் கைக்குக் கிடைக்கிறது.

அவர் எட்டாத படி ஒன்று மிச்சம் இருந்தது. நியூயார்க் தீயணைப்புத் துறை முழுவதற்கும் தலைமை. அதையும் அவர் உயிரோடு இருக்கும்போதே பார்த்தார். வல்கன் சங்கத்தின் தலைவராக இருந்த ராபர்ட் லோவரி, 1966-ல் நியூயார்க் தீயணைப்புத் துறையின் ஆணையரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். வெஸ்லி கட்டிய சங்கம்தான் அவரை வளர்த்தது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். 2000-களில்கூட நியூயார்க்கின் தீயணைப்பு வீரர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் கறுப்பினத்தவர் இருந்தார்கள். நகரத்து மக்களில் கறுப்பினத்தவர் கால் பங்கு. எழுத்துத் தேர்வின் கேள்விகள் தீயணைக்கும் வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல், சிலரை வடிகட்டும் விதத்தில் இருக்கின்றன என்று வல்கன் சங்கம் புகார் செய்தது. அதன் பேரில் 2007-ல் அந்நாட்டு மத்திய நீதித்துறை வழக்குப் போட்டது. 2009-ல் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2014-ல் சுமார் 9.8 கோடி டாலர் இழப்பீட்டுக்கு நகர நிர்வாகம் ஒப்புக்கொண்டது. வெஸ்லி தொடங்கிய சங்கம் 74 ஆண்டுகள் கழித்தும் வேலை செய்துகொண்டிருந்தது.

தேர்வு ஒரு காலத்தில் வெஸ்லிக்குக் கதவைத் திறந்தது. அதே தேர்வு பின்னாளில் அவர் பேரன் வயதுப் பிள்ளைகளுக்குக் கதவை அடைத்தது. ஆகவே தேர்வு எழுதுவதும் வேண்டும், தேர்வு நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிப்பதும் வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு

இந்தக் கதையை அமெரிக்கக் கதை என்று படித்துவிட்டு மடித்து வைக்கக் கூடாது. அம்பேத்கரே 1946-ல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பர் நிலையும் தீண்டப்படாதோர் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். அங்கே நடப்பதை இங்கே படிப்பது அவர் காட்டிய வழி.

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் தீயணைப்பாளர் வேலைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கும் இதற்கும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் பொதுத் தேர்வு நடத்துகிறது. பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. வயது வரம்பிலும் சலுகை உண்டு. கயிறு ஏறுவது, ஓடுவது, தாண்டுவது எல்லாம் உடல்தகுதித் தேர்வில் வரும். நாற்றுக்கட்டு தூக்கி வரப்பில் ஓடிய பிள்ளைகளுக்கு அது பெரிய காரியம் இல்லை. எழுத்துத் தேர்வில்தான் கவனம் வேண்டும்.

பட்டம் படித்தவர்கள் தீயணைப்பாளராகத்தான் சேர வேண்டும் என்றில்லை. நிலைய அலுவலர் பதவிக்கு நேரடித் தேர்வு இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரிவதில்லை. அறிவிப்பு வரும்போது ஊர் நூலகத்திலும் தெருமுனையிலும் அதை ஒட்டி வையுங்கள்.

ஏற்கனவே வேலையில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேலை கிடைத்துவிட்டது, சம்பளம் வருகிறது என்று முதல் படியிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். துறையின் விதிகளைப் படியுங்கள். அடுத்த பதவிக்கு என்ன தகுதி, எத்தனை ஆண்டு பணி, என்ன பயிற்சி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மெஸ்ஸிலோ குவார்ட்டர்ஸிலோ சாதி பார்த்து ஒதுக்கினால் தனியாக மனதுக்குள் புழுங்காதீர்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள். உங்களைப் போல் இருப்பவர்களைத் தேடிச் சேருங்கள். அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவும், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உங்கள் பக்கம் இருக்கின்றன. வெஸ்லிக்கு 1919-ல் இப்படி எதுவும் இல்லை.

அடுத்த ஏப்ரல் 14 அன்று அண்ணல் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, பிள்ளைகளைப் பக்கத்து ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். தீத்தொண்டு வாரம் தொடங்குகிற நாள் அது. வண்டியையும் குழாயையும் ஏணியையும் காட்டுங்கள். அந்த ஏணியில் கடைசிப் படிவரை ஏறிப் பார்க்க ஆசைப்படுகிற பிள்ளை நம் தெருவிலும் இருக்கும். வெஸ்லி வில்லியம்ஸ் என்று ஒருவர் இருந்தார் என்று அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.